தஞ்சையின் பழைய படங்கள், பழைய கதைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெரிய கோயிலின் மிகப் பழைய புகைப்படங்களில் ஆள் நடமாட்டமே இல்லை. அப்போது ஊர் காலியாகவா கிடந்தது? ஒன்றிரண்டு படங்களில் மேகம் மட்டும் வரைந்து வைத்த மாதிரி இருக்கிறதே?
– வாசகர், கரந்தை

ஊர் நிறைய ஜனங்கள் இருந்தார்கள். படம் பிடித்த காகிதம்தான் மெதுவானது. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்தவையாக இருக்கும். கம்பெனிப் படையில் கேப்டனாக இருந்த அவரைச் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று கேமராப் பெட்டியும் முக்காலியுமாகச் சுற்றினார்.

அவர் கையாண்டது மெழுகுக் காகித நெகட்டிவ். நல்ல மெல்லிய காகிதத்தில் உருக்கிய மெழுகை ஊற விட்டு, மிச்சத்தைச் சூடாகத் தேய்த்து எடுத்து, அயோடைடு கரைசலில் முக்கிக் காய வைப்பார்கள். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, அலசி, மறுபடி காய வைக்க வேண்டும். ஈரக் கண்ணாடித் தகடு என்றால் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். இந்தக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து, கட்டி எடுத்துப் போகலாம். பாதிக் கூடாரத்தை இருட்டறையாக்காமல் ஊர் ஊராகப் போகிறவருக்கு இது பெரிய சௌகரியம். கொடுக்க வேண்டிய விலை நேரம்: நல்ல வெயிலிலும் வில்லையை நிமிடக் கணக்கில் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவர் பதியவே மாட்டார். நின்று பேசிவிட்டு நகர்ந்தவர் ஒரு புகைச்சலாக விழுவார். படத்தைப் பெரிதாக்கி வாசற்படி ஓரங்களைப் பாருங்கள், அப்படிச் சில புகைச்சல்கள் அகப்படலாம்.

மேகம் பற்றிய உங்கள் சந்தேகம் சரியானது. அந்த ரசாயனத்துக்கு நீல ஒளி என்றால் பேராசை. வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் நெகட்டிவின் பின்புறம் வண்ணம் தொட்டு மேகத்தைக் கையாலேயே சேர்த்தார். ஆகவே அவர் படத்தில் உள்ள கல்லை நம்பலாம், வானத்தை நம்ப வேண்டாம்.

அவர் செய்த பெரிய வேலை வேறு. ஸ்ரீவிமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். இதில் எங்கே தவறும் என்றால், சுவருக்கும் பெட்டிக்கும் இடையேயான தூரம் ஒரு சாண் மாறினாலும் எழுத்தின் அளவு மாறி ஒட்டு பொருந்தாது. முக்காலியைச் சுவருக்கு இணையாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏற ஏற நிழலும் மாறும். நெகட்டிவை காகிதத்தோடு சேர்த்து அழுத்தி வெயிலில் அச்சிடுகிற காலம் அது. பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வழியில்லை, நெகட்டிவ் எந்த அளவோ அச்சும் அந்த அளவு. எனவே பிசகைப் பிறகு சரி செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் கிராமத்துச் சிவன் கோயில் சுவரிலும் எழுத்துகள் உள்ளன. நாங்களே படி எடுக்கலாமா? கோலமாவு பூசிப் படம் எடுத்தால் எழுத்து தெரியும் என்கிறார்கள்.
– வாசகி, திருவையாறு வட்டம்

மாவு, சாக்பீஸ், கரித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். மாவு எழுத்துப் பள்ளத்தில் தங்கி, ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் பட்ட கல்லில் அப்புறம் காகிதம் ஒட்டவே ஒட்டாது. விளக்கேற்றும் மாடத்தைச் சுற்றியுள்ள வரிகளைப் படி எடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

மைப்படி எடுக்கும் முறை இது. கல்லை நார்த் தூரிகையால் தேய்த்து நீர் விட்டுக் கழுவுவார்கள், கம்பித் தூரிகை கூடாது. நனைத்த படிக்காகிதத்தைச் சுவரில் விரித்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் காற்றைத் தள்ளுவார்கள். பிறகு அடர்ந்த மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டித் தட்டிக் காகிதத்தை எழுத்துக்குள் இறக்க வேண்டும். நீர்ப் பளபளப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து, துணிப் பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். அந்தப் பொறுமையில்தான் தேர்ச்சி இருக்கிறது. ஈரம் கூடினால் மை ஓடி எழுத்து அடைந்துவிடும். ஈரம் குறைந்தால் ஓரம் உரிந்து காற்றில் பறக்கும். படியை உரித்ததும் ஊர், கோயில், எந்தச் சுவர், எந்தத் திசை, எத்தனையாவது வரியில் தொடக்கம் என்று பின்புறம் எழுதிவிட வேண்டும். எழுதாத படி பத்து வருஷம் கழித்து யாருக்கும் பயன்படாத காகிதம்.

ஆனால் இதற்குத் தொல்லியல் துறையிடமோ அறநிலையத் துறையிடமோ அனுமதி வேண்டும். கோயில் எவர் பொறுப்பில் உள்ளதோ அவர்களைக் கேளுங்கள். இதைவிட எளிய வேலை, படமெடுக்கத் தடை இல்லாத இடத்தில் கைப்பேசியில் படமெடுப்பது. நேர் வெளிச்சத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் சுவரை உரசிப் போகும் நேரத்தில் எடுங்கள். உள்ளறை என்றால் டார்ச்சைச் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி, முதலில் இடப்பக்கத்திலிருந்து ஒன்று, பிறகு வலப்பக்கத்திலிருந்து ஒன்று. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கை மறுபடி காட்ட வேண்டும். ஓர் அளவுகோலும் படத்தில் இருக்கட்டும்.

இது வீண் வேலை என்று யாராவது சொன்னால், பெரிய கோயிலையே எடுத்துக்காட்டலாம். அதைக் கட்டியவர் கரிகாலன், காடுவெட்டிச் சோழன் என்றெல்லாம் 19ஆம் நூற்றாண்டு வரை சொல்லிவந்தார்கள். கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் நிலைத்தது. விமானத்தின் மேல் வைக்கச் செப்புக் குடம் கொடுத்ததைக்கூட அங்கேயே வெட்டி வைத்திருக்கிறார்: ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள், செம்பு 3083 பலம், பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சுக்கும் கணக்கு உண்டு.

கேள்வி: விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் 80 டன் ஒற்றைக் கல் இருக்கிறது. இரண்டும் உண்மையா?
– வாசகர், பாபநாசம்

இரண்டும் இல்லை. உச்சிச் சிகரம் பல கற்களைச் சேர்த்து அமைத்தது.

நிழல் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அடி ஒரு பக்கம் சுமார் 30 மீட்டர், உயரம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 76 பாகைக்கு மேல் நிற்கும்போது உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்து முடிந்துவிடும். தஞ்சையில் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகலில் இதுதான் நிலைமை. கோடை விடுமுறையில் மத்தியானம் வந்து பார்த்தவர் கிளப்பிய கதையாக இருக்க வேண்டும். மார்கழி நண்பகலில் வந்து வடக்குப் பக்கம் நில்லுங்கள், சுவரைத் தாண்டி 20 மீட்டருக்கு மேல் நிழல் கிடக்கும். சாயங்காலம் எந்த மாதமும் கேட்கவே வேண்டாம். சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாளும் ஆவணியில் ஒரு நாளும் பகல் 12 மணி தாண்டியதும் சூரியன் நேர் உச்சியில் வரும். அப்போது விமானத்துக்கு மட்டுமல்ல, வாசலில் நடப்பட்ட கம்புக்கும் நிழல் இல்லை.

கேள்வி: கருவறையைச் சுற்றிச் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் ஓவியம் வரைந்திருந்தார்களாமே. இரண்டையும் எப்படிப் பிரித்தார்கள்?
– வாசகர், கும்பகோணம்

கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட உட்சுற்று உண்டு, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி அங்கே மேல் காரை உதிர்ந்த இடத்தில் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டு வெளியே சொன்னார். சுந்தரர் கதை, திரிபுராந்தகர், தில்லைக் கூத்தனை வணங்கும் அரச குடும்பம் எல்லாம் அந்த மேல் காரைக்குக் கீழேதான் இருந்தன.

அடியில் உள்ளது தாங்கி நின்றதற்குக் காரணம் செய்முறை. சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன் ஆராய்ந்து, அது ஈரச் சுண்ணத்தில் தீட்டியது என்றார். கல்லின் மேல் முரட்டுக் காரை, அதன் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு. அது காய்வதற்குள் நீரில் குழைத்த காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி இவற்றால் வரைய வேண்டும். பசை எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகும்போது நிறத்தையும் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. ஓவியர் கை தயங்கினால் பூச்சு காய்ந்துவிடும்; அதற்கு மேல் தீட்டிய நிறம் வெறும் தூசியாக உதிரும். ஆகவே அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கே பூச வேண்டும்.

நாயக்கர் ஓவியமும் நானூறு ஆண்டு வயதை நெருங்கியது. அதைச் சுரண்டிப் போட்டுவிட்டுச் சோழர் ஓவியத்தைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. எனவே தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு மேல் அடுக்கை ஓவியமாகவே உரித்தெடுத்தது. சாரம் இதுதான்: முகப்பில் துணியும் பசையும் ஒட்டித் தாங்கு கொடுத்து, காரையைப் பின்னாலிருந்து மெல்ல விடுவித்து, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றி, முகப்புத் துணியைக் கரைத்து எடுப்பது. இரண்டு அடுக்கும் இறுகப் பிடித்த இடத்தில் அவசரப்பட்டால் சோழர் நிறமும் கூடவே பெயர்ந்து வரும். உரித்த நாயக்கர் ஓவியங்கள் கோயில் வளாகத்திலேயே பார்வைக்கு உள்ளன. உட்சுற்றுக்குள் போக முடியவில்லையே என்று திரும்பிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: விமானத்தின் வடக்கு முகத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உருவம் எப்படி வந்தது? ராஜராஜன் பின்னால் நடக்கப் போவதைக் கணித்தாரா?
– வாசகர், மன்னார்குடி

கணிக்கவில்லை. விமானத்தின் சுதையுருவங்களில் பிற்காலத்தார் கைவேலை நிறைய உண்டு, இதுவும் நாயக்கர் காலச் சேர்க்கையாகக் கருதப்படுகிறது. தஞ்சைக்கு அப்போது ஐரோப்பியர் புதியவர்கள் அல்ல. 1620இல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

கேள்வி: கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் பீரங்கி ஏன் துருப்பிடித்து உதிரவில்லை? அவ்வளவு பெரிய அச்சில் எப்படி வார்த்தார்கள்?
– மாணவர், தஞ்சாவூர்

வார்க்கவே இல்லை. அத்தனை இரும்பை ஒரே சமயத்தில் உருக்கிக் கொட்டும் உலை இங்கே கிடையாது. ஏறத்தாழ 26 அடி நீளம், 22 டன் எடை. 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் கொல்லர்கள் அடித்துச் சேர்த்தது இது. முதலில் நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாகச் சேர்த்துக் குழலாக்கினார்கள். குழலின் வெளிவிட்டத்தைவிட ஒரு மயிரளவு குறைந்த வளையத்தைச் செம்பழுப்பாகக் காய்ச்சினால் விரியும். விரிந்த வேகத்தில் குழலில் ஏற்றி அடித்துவிட்டால், ஆறும்போது சுருங்கிப் பட்டைகளை நெரித்துப் பிடிக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவதும் இதே கணக்குத்தான். இப்படி வளையத்தை ஒட்டி வளையம், அதற்கு மேல் இன்னோர் அடுக்கு. வளையம் பாதி வழியில் ஆறிவிட்டால் அங்கேயே சிக்கிக்கொள்ளும், முன்னும் போகாது பின்னும் வராது. எனவே உலையும் ஆட்களும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அருகில் நின்று பார்த்தால் வளைய விளிம்புகள் வரிவரியாகத் தெரியும்.

துருப்பிடிக்காததற்கு மந்திரம் இல்லை. கரியில் உருக்கிய பழைய இரும்பில் பாஸ்பரஸ் சற்று அதிகம். முதலில் படியும் துரு அடர்த்தியான தோலாகி, அடியிலுள்ள இரும்புக்குக் காவலாகிறது. அந்தத் தோலைச் சுரண்டி யாரும் பெயர் எழுதாமல் இருந்தால் போதும்.

கேள்வி: பாட்டி வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் படம் வந்திருக்கிறது, வெண்ணெய்க் கிருஷ்ணன். மங்கலாக உள்ளது. கொலினோ சோப்புத் தண்ணீரோ போட்டுத் துடைக்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

சட்டத்தைக் கழற்றாதீர்கள். துடைப்பது முன்பக்கக் கண்ணாடியை மட்டும், பிழிந்தெடுத்த துணியால். திரவத்தை நேராகத் தெளித்தால் சட்டத்தின் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

பயப்படக் காரணம் இருக்கிறது. தஞ்சைக் கண்ணாடிப் படம் கண்ணாடியின் பின்புறம் தலைகீழ் வரிசையில் வரைவது. பலகைப் படத்தில் கடைசியில் வருகிற கண் கோடும் நகைக் கோடும் இங்கே முதலில் வரும். அதன் மேல் உடல் நிறம், உடை, எல்லாவற்றுக்கும் பின்னால் திரை, தூண், பின்னணி. பொன் காகிதம் வைத்திருந்தால் அது அதற்கும் பின்னால். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பது மெல்லிய வண்ணத் தோல்தான். வழவழப்பான தளத்தில் அதற்குப் பிடிமானம் குறைவு. பின்னட்டையை எடுத்து ஈரத்துணியால் ஒரு முறை இழுத்தால், நூறு வருஷத்துக் கண்ணன் துணியோடு வந்துவிடுவார்.

மங்கல் பெரும்பாலும் கண்ணாடிக்கும் வண்ணத்துக்கும் நடுவே காற்றுப் புகுந்த இடங்கள். வீட்டில் சரி செய்ய முயல வேண்டாம். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் துண்டுகளை எடுக்காமல், முகப்பைக் கீழாக வைக்காமல், தட்டையான பலகையோடு சேர்த்துக் கட்டி அருங்காட்சியகத்திலோ தேர்ந்த பாதுகாப்பாளரிடமோ காட்டுங்கள். பின்புறம் செல்லோடேப் ஒட்டுவது நடக்கிற தவறுகளிலேயே மோசமானது.

மாட்டும் இடம் முக்கியம். மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் அந்தச் சுவர் ஓதம் எடுத்தால் முதலில் போவது இந்தப் படம். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் அரை அங்குலக் கட்டையோ தக்கையோ ஒட்டிச் சுவரோடு இடைவெளி விடுங்கள். விளக்கும் சாம்பிராணியும் நேர் கீழே கூடாது. அந்தச் சூட்டில் வண்ணம் சுருங்கி, செதில் செதிலாக எழும்.

படத்தைத் தட்டினால் மரச்சத்தம் கேட்டால் அது பலகைப் படம். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் பசையும் பூசி, நகை இடங்களை மேடாக்கிப் பொன் ஒட்டியது. அதற்கு எதிரி மரம் துளைக்கும் வண்டும் கரையானும். பின்பக்கம் மாவு போல் தூள் உதிர்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய குடும்பப் புகைப்படத்துக்கும் இதே விதி: பிரிக்காதீர்கள். கண்ணாடி வழியாகவே, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, உச்சி விளக்கை அணைத்துவிட்டுப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலவீதி பழைய வீடுகளின் கிணறுகளுக்குப் பூமிக்கடியில் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது என்பது கதையா?
– வாசகர், தஞ்சாவூர்

உண்மை. ஜலசூத்திரம் என்று பெயர். கோட்டைக்கு வெளியே செவ்வப்ப நாயக்கன் ஏரி, 16ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கியவர் பெயரில் உள்ளது. மழைநீர் முதலில் அங்கே தங்கி வண்டல் இறங்கும். தெளிந்தது சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து சுடுமண் குழாய்கள் வழியாக அய்யங்குளம், சாமந்தான் குளம், வீதிக் கிணறுகள். இயந்திரம் ஒன்றுமில்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீர்தான். சங்கிலியின் முதல் கண்ணி அறுந்ததும் எல்லாம் நின்றது: ஏரியில் வீடுகள் வந்தன, வரத்து அடைந்தது. அய்யங்குளத்தைச் சீரமைத்தபோது பழைய நீர்வழி மறுபடி வெளிப்பட்டது. வீட்டுக் கிணற்றைத் தூர் வாரும்போது பக்கச் சுவரில் சுடுமண் வாய் தென்பட்டால் சிமென்ட் பூசி அடைக்காமல், ஆழத்தையும் திசையையும் குறித்துப் படமெடுங்கள்.

கேள்வி: பரணில் ஒரு கட்டுக் காகிதம். தேவநாகரி மாதிரி இருக்கிறது, ஆனால் இந்தி தெரிந்தவர்களாலும் படிக்க முடியவில்லை.
– வாசகர், ஒரத்தநாடு

பக்கத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முதலில் தலைக்கோடு இழுத்துவிட்டு, அதில் எழுத்துகளைத் தொங்கவிட்டது போல், சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் இருந்தால் அது மோடி எழுத்து, மொழி மராத்தி. மராட்டிய அரசின் கணக்குகளும் சத்திரக் கணக்குகளும் அதில்தான் எழுதப்பட்டன. குறில் நெடில் இகர உகரங்களுக்கு வேறுபாடு காட்டாத எழுத்து. எனவே மராத்தி தெரிந்தாலும் பயிற்சி இல்லாமல் ஓடாது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இத்தகைய கட்டுகள் ஏராளம்; அங்கே விசாரியுங்கள்.

ஆண்டை மட்டும் நீங்களே கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. பசலி (வரிக் கணக்கு ஆண்டு) என்று இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1232 என்றால் 1822 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. சக ஆண்டு என்றால் 78 கூட்ட வேண்டும். லேமினேஷன் செய்துவிடாதீர்கள், அதைப் பிறகு பிரிக்க வழியில்லை. விளக்குக் கரி மை வெயிலில் வெளுக்காது, ஆனால் ஈரம் பட்டால் இழுபடும். நாடாவை அவிழ்த்து, மடிப்பை ஒரே நாளில் நிமிர்த்தாமல், பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: சரபோஜி மன்னர் கண் சிகிச்சை செய்தார் என்பதற்குச் சான்று உண்டா?
– வாசகி, திருவாரூர்

உண்டு. அவர் நடத்திய தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தின் நோயாளிக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் உள்ளன. நோயுற்ற கண்ணைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வண்ணத்தில் வரைந்த படங்களும் அவற்றில் அடக்கம். கண் மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: மனோரா கோபுரம் வாட்டர்லூ போர் வெற்றிக்காகக் கட்டியதுதானே?
– வாசகர், பேராவூரணி

வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். மனோராவின் கல்வெட்டில் உள்ள ஆண்டு 1814. நெப்போலியன் முதல் முறை முடி துறந்து எல்பா தீவுக்குப் போன ஆண்டு அது. போய்ப் பார்க்கிறவர்கள் மாடியேறுவதற்கு முன் கல்வெட்டை ஒரு முறை படித்துவிடுங்கள்.

கேள்வி: அரண்மனையில் இருக்கும் திமிங்கில எலும்புக்கூடு ராஜா காலத்ததா?
– மாணவி, வல்லம்

இல்லை. 1955இல் தரங்கம்பாடியில் கரை ஒதுங்கியது. நீளம் 92 அடி.